அறுபத்தோராவது பேர்

மே 30, வெள்ளி

போன வருடம் பாடக்குறிப்பு எழுதிய நோட்டில் நாற்பது பக்கம் மீதி இருக்கிறது. தூக்கிப் போட மனமில்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கற்றல் விளைவு’ என்று ஒரு கட்டம் அச்சாகியிருக்கிறது. இன்றைய கற்றல் விளைவு: ஒன்றுமில்லை.

பள்ளியைக் கூட்டித் துடைக்க வரச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை ஜெபமணி டீச்சர். பருத்திக்குளம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வகுப்பு ஐந்து, ஆசிரியர் மூன்று. நாலும் ஐந்தும் பரமசிவம் சாருக்கு. மூன்று ஜெபமணி டீச்சருக்கு. ஒன்றும் இரண்டும் எனக்கு. ஒரே அறை, ஒரே ஃபேன், ஒரே நான்.

பெஞ்சைத் துடைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்: “செண்பகம், அஞ்சாப்புல இருந்து பதினாறு பேரு வெளிய போயாச்சு. புதுசா சேந்ததையும் சேத்து அம்பத்தேழுதான் நிக்கி. ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி அறுபத்தொண்ணு காட்டணும். இல்லன்னா மூணாவது போஸ்ட் போயிரும்.”

மூணாவது போஸ்ட் என்றால் நான். ஏழு வருடம் ஆகியும் இந்தப் பள்ளிக்குக் கடைசியாக வந்தவள் நான்தான். எந்த ஊரில் காலியோ அங்கே தூக்கிப் போடுவார்கள். போனால் போகட்டும். சங்கரன்கோவிலில் இருந்து தினம் பதினாலு கிலோமீட்டர் ஸ்கூட்டியில் வந்து என் இடுப்புதான் தேய்ந்தது. பள்ளி வளாகத்தில் நான் வைத்த முருங்கை இந்த வருடம்தான் காய்க்க ஆரம்பித்திருக்கிறது. அதைப் பரமசிவம் சார் பறித்துக்கொண்டு போவார். அது ஒன்றுதான் வயிற்றெரிச்சல்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பேர். அதில் ஏழு பேர் அழுதார்கள், ஒருவன் தூங்கினான், ஒருத்தி என் கைக்கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தாள்.

வருகைப் பதிவேட்டில் பேர் எழுதுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. தக்ஷித், ரக்ஷனா ஸ்ரீ, ஹர்ஷவர்தினி. இவர்களுக்கு நான் முதலில் ‘ட’வும் ‘ப’வும் சொல்லித்தரப் போகிறேன். சொந்தப் பேரை எழுத இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் ஆகும். அந்தக் காலத்தில் மாடசாமி என்று வைத்தார்கள், பிள்ளை பொங்கலுக்குள் எழுதிவிட்டான்.

மற்றவர்களைச் சொல்ல எனக்கு வாயில்லை. என் மகள் பேர் அவந்திகா.

அவளும் இன்றைக்குத்தான் ஒன்றாம் வகுப்பு. பைபாஸ் ரோட்டில் இருக்கிற ஆங்கிலப் பள்ளி. டை, பெல்ட், இரண்டு ஜோடி ஷூ, புதன்கிழமைக்குத் தனிச் சட்டை. காலை ஏழு மணிக்கு மஞ்சள் வேன் வந்து கூட்டிப் போனது. எல்லாம் இவருடைய பிடிவாதம். மின்வாரிய ஆபீசில் கூட இருக்கிறவர்கள் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் படிக்கின்றன, நான் என்ன செய்ய.

சாயங்காலம் வந்தவள் வேனில் வாந்தி எடுத்ததாகச் சொன்னாள். காலையில் தின்ற பூரி.

ஜூன் 5, வியாழன்

அழுகிறவர்கள் மூன்றாகக் குறைந்தார்கள். தூங்குகிறவர்கள் நான்காகக் கூடினார்கள்.

ஜூன் 11, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போல இருக்கிறது.

மாணவர் சேர்க்கைப் பேரணி. பருத்திக்குளத்தில் பாதிப் பேர் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிறவர்கள். விடியும் முன்னே போய் ஏழரைக்குத்தான் வீட்டுக்கு வருவார்கள். எட்டரைக்கு மறுபடியும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே பேரணி ஏழே முக்காலுக்கு என்று நான்தான் யோசனை சொன்னேன். ஜெபமணி டீச்சர், “ஒனக்கு மூளை இருக்கு” என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

முன்னால் பேனர், பின்னால் பிள்ளைகள், நடுவில் மைக்கோடு நான். “நமது பிள்ளை, நமது பள்ளி” என்று நான் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். தொண்டை எனக்கு எப்போதும் நன்றாக இருக்கும். தெரு முழுக்க ஆள் வந்து வாசலில் நின்றது. வேலுத்தாய் வீட்டு முன்னால் நின்று இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினேன். வேலுத்தாய் பூப் பறிக்கிறவள், மகன் ரித்தீஷை டவுன் பள்ளிக்கு அனுப்புகிறாள். அவளை மனதில் வைத்தே, “தாய்மார்களே, வேன் வைத்துத் தூரத்தில் தேட வேண்டாம், கல்வி உங்கள் தெருவிலேயே இருக்கிறது” என்றேன்.

அந்த நேரம் தெருமுனையில் மஞ்சள் வேன் திரும்பியது.

டவுனில் ஏற்றிக்கொண்டு, சுற்றுப்பட்டி ஊரெல்லாம் சுற்றி, பருத்திக்குளம் வழியாகத்தான் அது பைபாஸ் ரோட்டுக்குப் போகும். எத்தனை மணிக்கு எந்த ஊர் என்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் சீட்டு ஒட்டியிருக்கிறது. பருத்திக்குளம் ஏழு ஐம்பது. தினமும் பால் எடுக்கும்போது பார்க்கிறேன். ஊருக்கே நேரம் பார்த்துப் பேரணி வைத்தவள் அதை மட்டும் நினைக்கவில்லை.

பேரணி தெருவை அடைத்து நின்றதால் வேன் நின்றது. ஜன்னலில் ஒரு தலை வெளியே வந்தது. அழகாக இரட்டைச் சடை, நான் பின்னியது.

“அம்மா! அம்மா! இங்க பாரு, நான் ஜன்னல் சீட்டு!”

நான் மைக்கை வாயில் வைத்தபடி நின்றேன். “ம்” என்றேன். அந்த ‘ம்’ தெருக்கோடி கோவில் வரைக்கும் கேட்டிருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். பரமசிவம் சார் பேனருக்குப் பின்னால் போய்விட்டார், பேனர் மட்டும் குலுங்கியது. வேலுத்தாய் மகனை வேனில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள். கோபமே இல்லை. கையில் பூ வாசம்.

“டீச்சர், அது ஒங்க பிள்ளையா? ஒங்க சாடை அப்படியே இருக்கு.”

“ஆமா.”

“நல்லா இருக்கட்டும். ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீய. ஒங்க பிள்ளைக்கு ஆகாத பள்ளிக்கூடம் எம் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?”

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். வீட்டில் அவர்தான் சேர்த்தார், எனக்கு அதில் இஷ்டமே இல்லை என்றேன். வேலுத்தாய் தலையை ஆட்டினாள். “எங்க வீட்லயும் அவுகதான்” என்றாள். அவள் புருஷன் கேரளாவில் இருக்கிறான், வருடத்துக்கு ஒரு தடவை வருவான்.

கற்றல் விளைவு: வேன் சீட்டைப் படிக்கவும்.

ஜூன் 14, சனி

இவரிடம் சண்டை பிடித்தேன். உங்களால்தான் தெருவில் என் மானம் போயிற்று என்றேன். இவர் பேப்பரை மடிக்காமலே, “நான் எங்க சொன்னேன்? பிப்ரவரி மாசம் காலங்காத்தால அஞ்சு மணிக்கு அப்ளிகேஷன் வரிசைல போய் நின்னது யாரு? ஸ்வெட்டர் போட்டுட்டுப் போன்னு நான் சொன்னது ஞாபகம் இருக்கா?” என்றார்.

இவருக்கு வயதாகிறது. வேண்டாததெல்லாம் ஞாபகத்தில் நிற்கிறது.

ஜூன் 27, வெள்ளி

பேரணியால் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆக அறுபது. ஊரில் என்னைக் கண்டால் எல்லோரும் ரொம்ப மரியாதையாக, “பாப்பா சௌக்கியமா டீச்சர்?” என்று கேட்கிறார்கள். சௌக்கியம் என்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

அறுபது. நகர மாட்டேன் என்கிறது.

ஜெபமணி டீச்சர் சத்துணவு வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பழைய கதை சொன்னார். “நான் வேலைக்குச் சேந்த ஊர்ல ஒரு ஹெட்மாஸ்டர் இருந்தாரு. எண்ணிக்கை பத்தலைன்னா தொட்டில்ல கெடக்குற பிள்ளை பேரையும் எழுதிருவாரு. ஒரு வருசம் ஆட்டுக்குட்டி பேரைக்கூட எழுதிட்டாருன்னு சொல்லுவாங்க. ஆய்வுக்கு வந்தவரு கூப்பிட்டா உள்ளேன் ஐயா சொல்ல ஆளில்லை.” இப்போது அதெல்லாம் நடக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித்துறை கொடுத்த எமிஸ் நம்பர் இருக்கிறது, கம்ப்யூட்டரில் எல்லாம் தெரிந்துவிடும்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ போயிட்டா ஒண்ணு, ரெண்டு, மூணு மூணும் எங்கிட்ட. எனக்கு முட்டு வலி வேற” என்றார். மூன்று வகுப்பு, நாற்பது பிள்ளைகள். டீச்சருக்கு அடுத்த வருடம் ஓய்வு.

என் மகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜூலை 16, புதன்

மழை. நாலு பிள்ளைதான் வந்தது. வேலை இல்லாததால் உண்மையை எழுதுகிறேன்.

வரிசையில் நின்றது நான்தான். ஸ்வெட்டரும் போட்டிருந்தேன்.

பிப்ரவரியில் ஒருநாள். இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பை எழுதச் சொல்லி உட்கார வைத்திருந்தேன். இசக்கியம்மா என்று ஒரு பிள்ளை, சத்தமே போடாது. அன்றைக்குத் தற்செயலாக அதன் சிலேட்டைப் பார்த்தால், திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுத்த அதே வரி. “இன்னும் இதையா எழுதுத?” என்றேன். “நீங்க வேற எழுதித் தரல டீச்சர்” என்றது. அன்றைக்கு வெள்ளி. ஐந்து நாளாக எழுதி, அழித்து, அதையே எழுதியிருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. பிள்ளை என்மேல் குறை சொல்லவும் இல்லை, அதுதான் பாடம் என்று நினைத்திருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவந்திகாவைப் பார்த்தேன். மறுநாள் விடியற்காலம் வரிசையில் நின்றேன். என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றப் போயிருக்கிறேன். இசக்கியை யாரிடம் விட்டுவிட்டுப் போனேன் என்று யோசிக்கவில்லை.

வேலுத்தாய் கேட்டதற்குப் பதில் இதுதான். தெருவில் வைத்து எப்படிச் சொல்ல.

இசக்கி இப்போது இரண்டாம் வகுப்பு. இன்று வந்த நாலு பேரில் அதுவும் ஒன்று. நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழித்தல் போட்டேன். எல்லாம் சரி. ஒரே ஒரு கணக்கில் கடன் வாங்க மறந்துவிட்டது, அதுவும் நான் தும்மியதால்.

ஜூலை 18, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவரிடம், “அவந்திகாவுக்கு வேன் ஒத்துக்கிடல” என்றேன்.

“ஜூன்ல ஒருநா எடுத்தா. அதுக்கப்புறம் எங்க எடுத்தா?”

“உள்ளுக்குள்ள குமட்டுதாம்.”

இவர் அவளைப் பார்த்தார். அவள் மூன்றாவது தோசைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். இவர் அதை அவள் தட்டில் வைத்துவிட்டு, “அப்ப ஸ்கூட்டில பெல்ட் போட்டுக் கூட்டிட்டுப் போ. பருத்திக்குளம் ரோட்டுல லாரி கண்ணு மண்ணு தெரியாம வாரான்” என்றார். எந்தப் பள்ளிக்கு என்று கேட்கவே இல்லை. மனிதர் சில நேரம் புத்திசாலியாக இருந்து தொலைக்கிறார்.

ஜூலை 21, திங்கள்

அவந்திகா, ஒன்றாம் வகுப்பு, பருத்திக்குளம். அறுபத்தொன்று.

ஜெபமணி டீச்சர் சேர்க்கைப் படிவத்தை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். “காரணம் என்னன்னு எழுத?”

“வேனில் வாந்தி.”

“நெசமாவா?”

“எழுதுங்க டீச்சர்.”

எழுதினார். அந்தப் பள்ளிக்காரர்களும் இரண்டு நாளில் எமிஸில் இருந்து விடுவிப்பதாக ஒத்துக்கொண்டார்கள். காரணம் கேட்டார்கள். அதே வாந்திதான்.

வகுப்பில் எங்கள் வீட்டு மகாராணி முதல் காரியமாக, “அம்மா, டாய்லெட்” என்றாள். பள்ளியில் நான் டீச்சர், அம்மா இல்லை என்று அழுத்திச் சொன்னேன். “சரிம்மா” என்றாள். மத்தியானத்துக்குள் தக்ஷித், ரக்ஷனா ஸ்ரீ உட்பட ஒன்றாம் வகுப்பு மொத்தமும் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் கூட்டிப்போக வந்த பெற்ற தாய்மார்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஜூலை 23, புதன்

வேலுத்தாய் பள்ளிக் கேட்டைத் தாண்டிப் போனாள். முருங்கைக்கீரை கேட்டாள், ஒடித்துக் கொடுத்தேன். கீரையை மடியில் கட்டிக்கொண்டே, “பாப்பா இங்கதான் வாராளாமே?” என்றாள்.

“வேன் ஒத்துக்கிடல.”

“ஆமாமா. சின்னப் பிள்ளைதான.” கொஞ்சம் நின்றாள். “ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும் ஒத்துக்கிடாது போல. ஊர்ல பேசிக்கிடுதாவ. ரெண்டாந்தேதி சரியாயிரும்னு.”

எனக்குச் சுருக்கென்றது. முருங்கை என்னுடையது என்று ஞாபகப்படுத்தலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று உள்ளே வந்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான் அவள் இடத்தில் இருந்தால் பந்தயமே கட்டியிருப்பேன்.

ஜூலை 29, செவ்வாய்

ஒன்று கவனித்தேன். ஒரு வாரமாக எல்லாச் சிலேட்டையும் பார்க்கிறேன். இரண்டாம் வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்பில் ஒரு சுற்று, திரும்பி இங்கே, மறுபடி அங்கே. சாயங்காலம் கால் இரண்டும் வீங்கிவிடுகிறது. என் பிள்ளை உட்கார்ந்திருக்கிற வரிசையில் அவள் சிலேட்டை மட்டும் பார்க்காமல் விட்டால் பாரபட்சம் இல்லை என்று காட்டலாம், ஆனால் மனசு கேட்கவில்லை. அவளுடையதை மட்டும் பார்த்தால் ஊர் காறித் துப்பும். ஆகவே எல்லோருடையதும்.

இது பெருமைப்படுகிற விஷயம் இல்லை. இதைச் செய்ய என் பிள்ளை வந்து உட்கார வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் அவந்திகா பொம்மைகளை இரண்டு வரிசையாக உட்கார வைத்து விளையாடினாள். “ரெண்டாங்கிளாஸ், எழுது. ஒண்ணாங்கிளாஸ், வாயை மூடு. எங்க, சிலேட்டக் காட்டு.” கரடிக்கு மட்டும் இரண்டு அடி. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பிள்ளைகளை அடிப்பதில்லை. கரடி என்ன செய்ததோ.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருந்து வந்து எண்ணினார்கள். அறுபத்தொன்று. மூன்றாவது போஸ்ட் இருக்கிறது. ஜெபமணி டீச்சர் ஆளுக்கு ஒரு அதிரசம் கொடுத்தார். பரமசிவம் சார் இரண்டு.

வந்தவர் அவந்திகாவைப் பார்த்து, “டீச்சர் பிள்ளையா? எண்ணிக்கைக்காகவா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். உள்ளே சுட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆங்கிலப் பள்ளியில் இருந்து ஃபோன். இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம், வாந்தி நின்றுவிட்டால் திரும்ப வரலாமாம். ரொம்ப நல்ல மாதிரிப் பேசினார்கள். நினைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நினைத்தும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் நினைத்தேன். அந்த டையையும் பெல்ட்டையும் பீரோவில் இருந்து எடுத்து வெளியே கூட வைத்தேன். எண்ணிக்கை முடிந்துவிட்டது. யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சிரிப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு நான் பழகிவிட்டேன்.

அவந்திகாவிடமே கேட்டேன். “நாளைக்கு வேனா, ஸ்கூட்டியா?”

“ஸ்கூட்டி. நாளைக்கு இசக்கியக்கா எனக்குக் கழித்தல் சொல்லித் தாரேன்னு சொல்லியிருக்கா. நீ ஃபாஸ்ட்டா சொல்லுத, எனக்குப் புரியல.”

டையைக் கொண்டுபோய்க் கரடிக்குக் கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏழு ஐம்பதுக்கு நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோது மஞ்சள் வேன் எதிரே வந்தது. வேண்டுமென்று சீக்கிரம் வரவில்லை. ஸ்கூட்டி நன்றாக ஓடியது. தெருவில் எல்லோரும் முதலில் வேனுக்குள் பார்த்தார்கள், பிறகு என் ஸ்கூட்டிக்குப் பின்னால் பார்த்தார்கள். வேலுத்தாய் வீட்டு வாசலில் வேன் நின்றது. ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. யாரும் ஏறவில்லை.

ஒன்பதேகாலுக்கு வேலுத்தாய் பள்ளிக்கு வந்தாள். ஒரு கையில் ரித்தீஷ். பையன் அந்தப் பள்ளிச் சட்டையிலேயே வந்திருந்தான், டை மட்டும் இல்லை. என் எதிரே வந்து நின்று, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னாள்:

“டீச்சர், எம் பையனுக்கும் வேன்ல வாந்தி வருது.”

“எத்தனை நாளா?”

“இன்னைக்குத்தான். ஒங்க ஸ்கூட்டியப் பாத்ததுல இருந்து.”

ஜெபமணி டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனார். சாத்தியிருந்த ஜன்னல். நான் படிவத்தை எடுத்தேன். பேனா எழுதவில்லை, உதறினேன். ஆகஸ்ட் ஒன்று கணக்கில் இவன் வரமாட்டான், என் போஸ்ட்டுக்கு இவனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளில் அப்படிப்பட்டவன் இவன் ஒருவன்தான்.

“வேலுத்தாய், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். சேத்தது நான்தான், அவர் இல்ல.”

“தெரியும் டீச்சர்” என்றாள். “நானுந்தான்.”

ரித்தீஷ் வகுப்புக்குள் போனான். அவந்திகா அவனிடம், “இங்க டீச்சரை அம்மான்னு சொல்லணும்” என்று விதிமுறையை விளக்கினாள். பையன் குழம்பிப் போய்த் தன் அம்மாவைப் பார்த்தான். வேலுத்தாய், “சொல்லுல, சொல்லு” என்றாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாம் சொன்னேன். இவர் பேப்பரை மடித்து வைத்தார், அபூர்வம். “வாந்தி ஒட்டுவாரொட்டியா செண்பகம்?” என்றார்.

“ஆமா. ஊர் பூராவும் ஒட்டட்டும்” என்றேன்.